பானட்டில் ஒரு சாண்

கறுப்பிலே பல கறுப்பு உண்டு. மற்றவர்களுக்குக் கார் கறுப்பு என்றால் கறுப்பு, அவ்வளவுதான். வீரேனுக்கு அப்படி இல்லை. ஜெர்மன்காரன் அடிக்கும் கறுப்பு மாட்டுத் தோல். தேங்காய் நார் போட்டுத் தேய்த்தாலும் தாங்கும். ஜப்பான்காரன் அடிக்கும் ஒரு கறுப்பு இருக்கிறதே, அது பச்சைக் குழந்தையின் கன்னம். துணி பட்டால் கீறும். காய்ந்த துணி பட்டால் இன்னும் நன்றாகக் கீறும். துடைக்கத் தெரியாதவன் துடைத்துவிட்டு வெயிலில் நிறுத்தினால், சிலந்தி குடும்பத்தோடு வந்து வலை பின்னிவிட்டுப் போன மாதிரி இருக்கும். பாலிஷ் போட்டு அந்த வலையை எடுக்கலாம். போட்ட பாலிஷைத் துடைக்கும்போதே புது வலை விழும். இந்தத் தீவில், லௌடோகா டவுனில், பாலிஷ் மெஷின் வைத்திருப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. இந்தக் கறுப்பு வந்து நின்றால் மட்டும், "இப்ப நேரமில்ல அண்ணே, அடுத்த வாரம் பாப்போம்" என்று ஒவ்வொருவனாக நழுவிவிடுவான். நழுவாதவன் வீரேன் ஒருவன்தான்.

அன்று காலை ஏழு மணிக்கே அந்தக் கறுப்பில் ஒரு பெரிய கார் அவன் கொட்டகையில் நின்றது. கொட்டகை என்றால் நான்கு மரத்தூண், மேலே தகரம். சுவர் கிடையாது. மூன்று பக்கம் கரும்பு, ஒரு பக்கம் வீடு. வீட்டில் வீரேனும் அவன் மனைவி பிரேமிளாவும், அண்ணன் ஹரிலாலும் அண்ணி ஷோப்னாவும். கரும்பு அண்ணனுடையது, கொட்டகை தம்பியுடையது. நிலம் இருவருடையதும் இல்லை. பாட்டனார் எடுத்த குத்தகை இந்த டிசம்பரோடு முடிகிறது. புதுப்பித்துத் தர முடியாது என்று நிலத்துக்காரர்கள் பெரிய மனிதர்களை வைத்துக் கொண்டு மரியாதையாகவே வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள், அவர்களுக்கும் வீடு கட்ட இடம் வேண்டும். திட்டுவதற்கு ஒரு ஆள்கூட இல்லாத கஷ்டம் அது. திட்ட ஆள் இருந்தாலாவது மனசு கொஞ்சம் ஆறும்.

கார் தயானந்துடையது. சரியாகச் சொன்னால் அவன் அப்பாவுடையது. அப்பா போன மாதம் செத்துப்போனார். தயானந்த் பக்கத்துத் தவுவாவில் பிறந்தவன், இருபத்திரண்டு வருஷமாகக் கடல் தாண்டி ஆக்லாந்தில் கார் பெயிண்ட் பட்டறை வைத்திருக்கிறான். காரியம் செய்ய வந்தவன், போகும்போது கையோடு ஒரு பாலிஷ்காரனுக்கு வேலைக் கடிதம் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தான். நாந்தியில் ஒருவனைப் பார்த்தான், பா டவுனில் இரண்டு பேரைப் பார்த்தான், மூன்று பேரும் வலை பின்னித்தான் கொடுத்தார்கள். கடைசியாக முந்தின நாள் வீரேனிடம் சாவியைத் தந்தான்.

"நாளைக்கு மூணு மணிக்கு வருவேன். நிழல்ல காட்டாத, வெயில்ல நிறுத்தி வை. எனக்குப் பிடிச்சுதுன்னா அங்கயே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போறேன். ராத்திரி எனக்கு ப்ளேன்."

நான்கு பேரும் டிசம்பருக்குப் பிறகு எங்கே படுப்பது என்பது அந்த ஒரு கையெழுத்தில் நின்றது. வீரேன் முதலில் போவான், பிறகு பிரேமிளாவை அழைத்துக்கொள்வான், அண்ணனுக்கும் அண்ணிக்கும் டவுனில் ஒரு வீடு பிடித்துக் கொடுப்பான். இதை யாரும் உட்கார்ந்து பேசித் தீர்மானிக்கவில்லை. கார் வந்த ராத்திரியே அவரவர் மனதில் தனித்தனியாக முடிவாகிவிட்டது.

ஷோப்னா ரொட்டியும் டின் மீன் குழம்பும் கொண்டுவந்து கொட்டகைக்கு வெளியிலேயே நின்றாள். உள்ளே வர யாருக்கும் அனுமதி இல்லை. புடவை முந்தானை பட்டாலும் கீறும், பாவாடை நாடா பட்டாலும் கீறும் என்று அவன் நேற்றே கோடு கிழித்துவிட்டான்.

"கோட்டத் தாண்டல சாமி, இந்தா வாங்கிக்கோ," என்றாள். "கல்யாணப் பொண்ணக்கூட இப்படிக் காபந்து பண்ண மாட்டாங்க."

"கல்யாணப் பொண்ணு மேல கை பட்டா சிரிக்கும் அண்ணி. இது அழும்."

"அடேங்கப்பா! உன் ஊட்டுக்காரர் பேச்சக் கேட்டியா பிரேமிளா? உன்னப் பத்தி என்னிக்காச்சும் இப்படிச் சொன்னாரா?"

"என்னைப் பத்தியா? பாத்திரம் கழுவற சத்தம் பெருசா கேக்குதுன்னுதான் சொல்வாரு," என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

ஹரிலால் அரிவாளைத் தீட்டிக்கொண்டே சிரித்தான். அவனும் ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்தான். ஆனால் சாப்பிடவில்லை.

"டேய், உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். இன்னிக்கு வெட்டாளுங்க வராங்க."

வீரேன் கை நின்றது. "அண்ணே."

"இரு, முழுசாக் கேளு. இன்னிக்குத்தான் லாரி முறை. மில்லுக்காரன் சனிக்கிழமையோட அரவைய நிறுத்தறான். இத விட்டா என் கரும்பு நின்ன இடத்துலயே காஞ்சு போகும். ஆனா தோகைக்குத் தீ வைக்க மாட்டேன். கொளுத்தாம பச்சையா வெட்டச் சொல்லியிருக்கேன்."

"பச்சையா வெட்டுவாங்களா?"

"வெட்டுவாங்க. ஆளுங்க தலைவன் இலியேசா ஒத்துக்கிட்டான். அப்படியே முடியலைன்னா நாலு மணிக்கு மேல தீ வெச்சுக்கறேன். உன் ஆளு மூணு மணிக்கு வந்துட்டுப் போயிடுவான்ல? நாலு மணி. அப்பா சத்தியமா நாலு மணி."

"சாம்பல் எப்படி வரும்னு உனக்கே தெரியும் அண்ணே. ஒரு துண்டு விழுந்தாப் போதும். அத யாராச்சும் துடைச்சாப் போதும்."

"நான் எதுக்குடா துடைக்கப் போறேன்?"

"யாரும் தொடக் கூடாது. விழுந்தா ஊதணும். இல்லன்னா தண்ணி ஊத்தணும். கை மட்டும் படக் கூடாது."

"சரிப்பா சரி, ஊதறோம்," என்று ஹரிலால் உதட்டைக் குவித்து, தட்டிலிருந்த ஒரு எறும்பை ஊதிக் காட்டினான். ஷோப்னா தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

வீரேன் வேலையை ஆரம்பித்தான். முதலில் தரையை நனைத்தான், தூணை நனைத்தான், தகரத்தின் அடிப்பக்கத்தைக்கூட நனைத்தான். தூசி ஈரத்தில் எழாது. காரின் மேல் பைப்பின் வாயைப் பொத்தாமல் தண்ணீரை அப்படியே வழிய விட்டான். பீய்ச்சினால் துளி துளியாக நிற்கும். வழிய விட்டால் தண்ணீர் சேலை நழுவுவது போல மொத்தமாக இறங்கிவிடும், துடைக்க மிச்சம் இருக்காது. பிறகு மெஷின். இருப்பதிலேயே மெத்தென்ற பஞ்சு வட்டு. அதில் பட்டாணி அளவு மூன்று பொட்டு பாலிஷ். ஒரு நேரத்தில் ஒரு சாண் அகலம், ஒரு சாண் நீளம். அதற்கு மேல் எடுத்தால் பாலிஷ் காய்ந்து மாவாகப் பறக்கும், அந்த மாவே பிறகு கீறும். ஒவ்வொரு சாணுக்கும் பஞ்சைக் கழற்றித் தட்டி, மாவு போன பிறகே அடுத்தது. துடைக்கும் துணியை எட்டாக மடிப்பான். ஒரு பக்கம் ஒரு தடவைதான். அழுத்தக் கூடாது. துணி தன் கனத்திலேயே போக வேண்டும். விரல் அதன் மேல் சும்மா உட்கார்ந்து வர வேண்டும்.

பதினொன்றே முக்கால் இருக்கும். கூரை முடிந்தது, கதவுகள் முடிந்தன, கடைசியாக என்ஜினுக்கு மேல் இருக்கும் பானட்டும் முடிந்தது. டார்ச் அடித்துப் பார்த்தான். ஒளி விழுந்த இடத்தில் ஒளி மட்டும் இருந்தது. பானட்டின் பின்விளிம்பில், கண்ணாடிக்குப் பக்கத்தில், ஒரு சாண் இடத்தில் மட்டும் ரொம்பக் கவனமாகப் போயிருந்தான். யாரோ ஒருவன் முன்னொரு காலத்தில் அங்கே உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறான்; மேலே இருக்கும் கண்ணாடிப் பூச்சு அங்கே வெங்காயத் தோல் மாதிரி ஆகிவிட்டிருந்தது. மெஷின் ஒரு ஓட்டு ஓட்டினால் தாங்கும், இரண்டாவது தாங்காது என்று அவன் கைக்குத் தெரிந்தது. ஒரே ஓட்டில் அங்கிருந்த வலையும் போய்விட்டது.

"பிரேமிளா! வந்து பாரு. கோட்டுக்கு வெளிய நின்னே பாரு."

அவள் ஈரக் கையோடு வந்து நின்றாள். பானட்டில் மாமரம் தெரிந்தது, மாமரத்தில் ஒரு மைனா தெரிந்தது. "கிணறு மாதிரி இருக்குங்க," என்றாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "போட்டுடுவாரு. கையெழுத்துப் போட்டுடுவாரு, பாருங்களேன்."

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கரும்புத் தோகை எரியும் சத்தம் பிறந்ததிலிருந்து கேட்டவர்களுக்கு வேறு எதனோடும் குழப்பம் வராது. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் விறகு முறிக்கிற மாதிரி படபடவென்று வரும். வீரேன் திரும்பினான். கிழக்குப் பக்கத்தில், அண்ணன் வயலின் கோடியில், புகை நிமிர்ந்து எழுந்து, மேலே போய்ச் சற்று யோசித்து, பிறகு இந்தப் பக்கம் சாய்ந்தது.

"இசா! ஐயோ, பெரியவரு தீ வெச்சிட்டாரே," என்றாள் பிரேமிளா.

நடந்தது இதுதான். வெட்டாட்கள் காலையில் பச்சையாகத்தான் ஆரம்பித்தார்கள். நாலு வரிசை போவதற்குள் குளவி கிளம்பிவிட்டது. ஒருவனுக்குக் கண் மூடிக்கொண்டது, இன்னொருவனுக்கு உதடு வீங்கிவிட்டது. கூட்டத்துத் தலைவன் இலியேசா அரிவாளை நிலத்தில் குத்தினான். நிலத்துக்காரர் வீட்டுப் பிள்ளைதான் அவனும். ஹரிலாலோடு ஒன்றாகப் பந்து விளையாடி வளர்ந்தவன். "மச்சான், என்னால முடியாது. தீ வை, அஞ்சு மணிக்குள்ள லாரி ரொப்பித் தரேன். வைக்கலைன்னா நாங்க அடுத்த வயலுக்குப் போறோம். அந்த வயல்காரனும் காத்துக்கிட்டுத்தான் இருக்கான்." ஹரிலால் காற்றைப் பார்த்தான். காற்று கடல் பக்கம் போய்க்கொண்டிருந்தது. வீட்டுப் பக்கம் வராது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தீக்குச்சியைக் கிழித்தான். தீ எரிந்தால் காற்று தன் இஷ்டத்துக்குத் திரும்பும் என்பது அவனுக்குத் தெரியாத விஷயமா? தெரியும். அன்றைக்கு மறக்க வேண்டியிருந்தது, மறந்துவிட்டான்.

முதல் சாம்பல் கொட்டகைக்குள் வந்தது. விரல் நீளத்துக்கு, தோகையின் நரம்பு அப்படியே இருக்க, கருகி, சுழன்றுகொண்டே வந்து பானட்டின் நடுவில் உட்கார்ந்தது. வீரேன் ஊதினான், போனது. அடுத்தது கூரையில். பிறகு பத்து. பிறகு எண்ணிப் பார்க்க முடியாது.

"தண்ணி! டிரம்முல இருக்கற தண்ணி!" என்று அவன் வீட்டின் பின்பக்கம் ஓடினான். குழாயில் பத்து மணிக்கே தண்ணீர் நின்றுவிட்டிருந்தது. பிரேமிளா வாளியைத் தேடி ஓடினாள்.

அந்த இரண்டு நிமிஷத்தில்தான் ஹரிலால் வயலிலிருந்து ஓடிவந்தான். புகை திரும்பியதைப் பார்த்ததுமே அவனுக்கு உயிர் போய்விட்டது. கம்பிவேலியில் சட்டை கிழிய ஓடிவந்தான். தம்பியின் கார் மேல் சாம்பல் மழையாகக் கொட்டுவதைப் பார்த்தான். பக்கத்தில் யாரும் இல்லை. காலையில் கேட்டதெல்லாம் அவன் தலையிலிருந்து எங்கேயோ போய்விட்டது. கொடியில் காய்ந்துகொண்டிருந்த தன் கம்பளிப் போர்வையை உருவினான், பானட்டின் மேல் வீசினான். போர்வை பாதிதான் மூடியது. இந்த ஓரத்தைப் பிடித்து இழுத்தான், அந்த ஓரத்தைப் பிடித்து இழுத்தான். காற்றில் தூக்காதபடி, குழந்தையைப் போர்த்தித் தட்டுவது போல, இரண்டு உள்ளங்கையாலும் நீவிவிட்டான்.

வீரேன் வாளியோடு வந்து அதைப் பார்த்தான். வாளி கையிலிருந்து நழுவியது.

"அண்ணே, எடுத்துடு. இழுக்காம, மேல தூக்கி எடு."

"ஏண்டா? சாம்பல் விழுதுடா!"

"சாம்பல் அடியில இருக்கு அண்ணே."

இருவரும் நான்கு முனையைப் பிடித்து நேராகத் தூக்கினார்கள். அடியில் மாமரம் இல்லை. ஹரிலாலின் கை போன வழியெல்லாம் வளைவு வளைவாக, அவன் விரல்களைக்கூட எண்ணிவிடலாம் போல, சாம்பல் நிறத்தில் கோடு ஓடியிருந்தது. ஒரு பனி மூட்டம் பானட்டின் மேல் படுத்திருந்தது.

"நாலு மணின்னு சொன்னியே," என்றான் வீரேன். கத்தவில்லை. கத்தியிருந்தால் ஹரிலாலுக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

"குளவிடா... இலியேசா போறேன்னான்... காத்து அந்தப் பக்கம்தான்டா போச்சு..."

"அப்பா சத்தியமான்னு சொன்னியே."

"என்னை அடிடா. செருப்பால அடி. அப்படிப் பாக்காத."

"உன்ன அடிச்சா இது போகுமா? போ. போய் உன் கரும்பப் பாரு. அதுவாச்சும் மிஞ்சட்டும். போ அண்ணே!"

ஹரிலால் போகாமல் நின்றான். இலியேசாதான் வந்து அவன் தோளைப் பிடித்துத் திருப்பினான். அவன் சாதாரணமாக இந்த வீட்டுக்கு வந்தால், "டிசம்பருக்கு அப்புறம் இந்த மாமரம் எனக்கு, இப்பவே ஒரு பழம் குடு" என்று கிண்டல் செய்கிறவன். அன்று மாமரத்தின் பக்கமே பார்க்கவில்லை. "தம்பி, இது என்னால ஆனது. என்ன வேணும், சொல்லு."

வீரேன் அழுகையை அடக்கினான். அழுதால் கண் மறைக்கும். மணி பன்னிரண்டேகால்.

"போர்வை, புடவை, என்ன இருக்கோ எல்லாத்தையும் நனைச்சுக் கொண்டாங்க. சொட்டச் சொட்ட நனைக்கணும். மூணு பக்கமும் கட்டுங்க."

வீட்டிலிருந்த துணியெல்லாம் வெளியே வந்தது. ஷோப்னாவின் கல்யாணப் பெட்டியிலிருந்து ஒரு சிவப்புச் சேலையும் வந்தது. அதை யாரும் கேட்கவில்லை, அவளாகவே டிரம்மில் முக்கினாள். தூணுக்குத் தூண் கட்டியும் இடைவெளி இருந்தது. அந்த இடத்தில் பெண்கள் இருவரும் ஆளுக்கொரு ஈரப் போர்வையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தண்ணீர் முழங்கை வழியாக இறங்கி ரவிக்கைக்குள் போனது. இலியேசாவின் ஆட்களில் ஒருவன், உதடு வீங்கியவன், வெட்டப் போகாமல் டிரம்மிலிருந்து மொண்டு மொண்டு துணிகளின் மேல் ஊற்றினான்.

வீரேன் சாம்பல் போகும்வரை வாளியால் தண்ணீரை வழிய விட்டான். பிறகு முதலிலிருந்து ஆரம்பித்தான். ஒரு சாண். பஞ்சைத் தட்டு. துணியை மடி. ஒரு சாண். வியர்வை சொட்டாமலிருக்க நெற்றியில் பிரேமிளாவின் துண்டைக் கட்டியிருந்தான். மெஷின் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. நடுவில் ஒரு தடவை ஷோப்னா, "கை மரத்துப் போச்சுடி," என்றாள். "பேசாதீங்க அக்கா, பேசினா சிரிப்பு வரும், சிரிச்சா போர்வை ஆடும்," என்றாள் பிரேமிளா. இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

இரண்டரை மணிக்குப் பானட் திரும்பி வந்தது. மாமரம் வந்தது, கிளை வந்தது, இலை இலையாக வந்தது. பின்விளிம்பில் அந்த ஒரு சாண் மட்டும் பாக்கி. அங்கே ஐந்து கோடு. ஹரிலாலின் வலது கை விரல்கள்.

வீரேன் பஞ்சை அங்கே வைத்தான். சுவிட்சை அழுத்தவில்லை. விரல் நுனியால் பூச்சைப் பக்கத்தில் தட்டிப் பார்த்தான். ஒரு ஓட்டு காலையிலேயே போய்விட்டது. இன்னொன்று ஓட்டினால் கோடும் போகும், கண்ணாடிப் பூச்சும் போகும், அடியில் செத்த கறுப்பு வெளியே தெரியும். அதற்கு மருந்து கிடையாது. மெஷினைக் கீழே வைத்தான்.

"முடிஞ்சுதாங்க?" போர்வையைப் பிடித்தபடியே பிரேமிளா கேட்டாள்.

"முடிஞ்சுது. இறக்குங்க. ரெண்டு பேரும் போய் உட்காருங்க."

கொட்டகையில் தனியாக நின்றான். ஐந்து கோடு. நிழலில் தெரியவில்லை; வெயிலில் இரண்டு வயசுக் குழந்தைக்குத் தெரியும். சொல்லிவிடலாம். சாம்பல் விழுந்தது, அண்ணன் போர்வை போட்டான், இந்த இடத்தில் பூச்சு மெலிசு, அதனால் விட்டுவிட்டேன் என்று சொல்லலாம். நாந்திக்காரன் என்ன சொல்லியிருப்பான்? பா டவுன்காரர்கள் என்ன சொல்லியிருப்பார்கள்? அவர்களும் ஏதாவது காரணம் சொல்லித்தான் இருப்பார்கள். காரணத்தைக் கேட்கவா அந்த ஆள் வருகிறான்? கோட்டைத்தானே பார்க்கப் போகிறான்?

வீட்டு வாசலில் வந்து நின்றான். "தேங்காயெண்ணெய் குடு."

"தலைக்கா? இந்த நேரத்துலயா?"

"ஆமா. தலைக்குத்தான்."

அவள் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் அவன் பகலில் தலைக்கு எண்ணெய் வைத்து அவள் பார்த்ததில்லை.

மூன்று சொட்டு போதும். மெத்தென்ற துணியில் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்த ஒரு சாணில் தடவினான். கோடுகள் எண்ணெயைக் குடித்தன. ஐந்தும் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. அடுத்த தடவை கழுவும்வரை தாங்கும். அதற்குள் ப்ளேன் ஏறிவிடுவான். வீரேன் பாட்டிலை டிரம்முக்குப் பின்னால் வைத்தான்.

தயானந்த் மூன்றடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே டாக்ஸியில் வந்து இறங்கினான். மொட்டை அடித்த தலையில் இப்போதுதான் முள் முள்ளாக முளைத்திருந்தது. வீரேன் காரை வெயிலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். தீ அடங்கிவிட்டது, ஆனாலும் ஒன்றிரண்டு சாம்பல் இன்னும் மிதந்துகொண்டுதான் இருந்தது.

"இன்னிக்குப் பாத்தா கொளுத்தறானுங்க?" என்று சிரித்தான் தயானந்த். "அங்க போயி இருபத்திரண்டு வருஷமாச்சு, இந்த வாசனை வந்தாப் பசிக்குது எனக்கு."

சுற்றி வந்தான். ஒவ்வொரு கதவிலும் குனிந்தான், சாய்ந்து பார்த்தான், உட்கார்ந்து பார்த்தான். கூரையைப் பார்க்க டாக்ஸியின் படியில் ஏறி நின்றான். பானட்டுக்கு வந்தபோது அவன் முகமே மாறிவிட்டது.

"யாருகிட்டய்யா கத்துக்கிட்ட?"

"நானேதான் பாஸ். கெடுத்துக் கெடுத்துக் கத்துக்கிட்டேன்."

"என் கடையில எட்டு பேர் இருக்கான். ஒருத்தனால இது முடியாது." தயானந்த் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தான். வாசலில் நின்ற பிரேமிளா ஷோப்னாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். காகிதத்தை வைக்க இடம் பார்த்தவன் பானட்டில் வைக்காமல் டாக்ஸியின் மேல் வைத்தான். அந்த மரியாதை அவனுக்கும் தெரியும். பேனா மூடியைத் திறந்தான். திறந்தவன், பழக்க தோஷம், பானட்டின் மேல் புதிதாக வந்து விழுந்திருந்த நாலைந்து சாம்பலைக் குனிந்து ஊதினான்.

எல்லாம் பறந்தது. பின்விளிம்பில் இருந்த இரண்டு மட்டும் பறக்கவில்லை.

மறுபடி ஊதினான். இரண்டும் அப்படியே உட்கார்ந்திருந்தன. சுற்றிலும் கையகல இடம் துடைத்துவிட்ட மாதிரி இருக்க, அந்த ஒரு சாணில் மட்டும் பொடிச் சாம்பல் ஈ மொய்த்த மாதிரி ஒட்டியிருந்தது. தயானந்த் விரலை வைத்தான். தேய்த்துப் பார்த்தான். மூக்கில் வைத்தான்.

"எங்கம்மா தலைக்கு வெக்கற எண்ணெய்," என்றான்.

வீரேனைத் திரும்பிப் பார்த்தான்.

"சோப்புத் தண்ணி கொண்டா."

வீரேன் கொண்டுவந்தான். தயானந்தே உள்ளங்கையில் அள்ளி அந்த இடத்தில் ஊற்றினான். எண்ணெய் வழிந்து போனது. ஐந்து கோடும் வெயிலில் பளிச்சென்று வந்து நின்றன. அவன் முகத்தை அருகில் கொண்டுபோய்ப் பார்த்தான். நகத்தால் பக்கத்தில் தட்டிப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"பூச்சு இங்க மெலிசு. இதுக்கு மேல ஓட்டினா போயிடும்னு விட்டுட்ட. அப்படித்தானே?"

"ஆமா பாஸ்."

"சரியாத்தான் விட்டிருக்க. நானும் இங்கதான் மெஷின நிறுத்தியிருப்பேன்." நிமிர்ந்தான். "இத நீ சொல்லியிருந்தா இப்ப கையெழுத்துப் போட்டிருப்பேன்யா. சாம்பல் விழறது எனக்குத் தெரியாதா? நானும் இந்த ஊர்ல பொறந்தவன்தானே? எதுக்கு இந்த எண்ணெய்?"

வீரேன் சோப்புத் தண்ணீர் வாளியைக் கீழே வைத்தான்.

பிரேமிளா படியிறங்கி ஓடிவந்தாள். "அண்ணே, காலைலேருந்து சோறு தண்ணி இல்லண்ணே அவருக்கு. ஒரே வேலைய ரெண்டு தடவை செஞ்சாரு. பயந்துபோய்ப் பண்ணிட்டாரு. ஒரே ஒரு தடவை மன்னிச்சுருங்கண்ணே."

"இவரு கைய நான் குத்தம் சொல்லலம்மா. அந்தக் கை எனக்கு வேணும்தான்." தயானந்தின் குரல் இளகித்தான் இருந்தது. "ஆனா நான் எல்லாக் காரையும் சோப்புப் போட்டுக் கழுவிக் கழுவிப் பாத்துக்கிட்டிருக்க முடியுமா? அவரு முடிஞ்சுதுன்னு சொன்னா நான் நம்பிச் சாவியக் குடுக்கணும். இனிமே எப்படிக் குடுப்பேன், நீயே சொல்லு."

காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். வேலைக்குப் பேசிய கூலியைப் பிரேமிளாவின் கையில் வைத்தான். கறுப்புக் கார் மண்சாலையில் இறங்கி, புழுதி கிளப்பிக்கொண்டு போனது. வீரேன் அந்தப் புழுதியைப் பார்த்துக்கொண்டே நின்றான். அது காரின் கூரை மேல் படியும், யாராவது துடைப்பார்கள்.

ஐந்தேகால் மணிக்கு ஹரிலால் வந்தான். லாரி ரொம்பிப் போய்விட்டது. தலை முதல் கால் வரை கரி. கண்ணும் பல்லும்தான் வெளுப்பு. பின்னால் இலியேசா. ஷோப்னா வழியிலேயே சொல்லிவிட்டிருந்தாள். பெண்கள் இருவருக்கும் எண்ணெய் விஷயத்தை அவனிடம் சொல்ல நாக்கு எழவில்லை, ஆள் போய்விட்டான், கையெழுத்துப் போடவில்லை என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். ஹரிலால் கொட்டகைக்குள் வந்தான். வீரேன் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தான். அண்ணன் அவன் எதிரில், ஈரத் தரையிலேயே, சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"என் போர்வையாலதானேடா?"

வீரேன் மெஷினிலிருந்த பஞ்சைக் கழற்றித் தட்டினான்.

"என் கைய வெட்டிப் போடணும். ஊதுன்னு சொன்ன. நானும் சரின்னேன். ஓடி வரப்போ ஒண்ணும் ஞாபகம் இல்லடா. உன் கார் மேல விழுதேன்னு மட்டும்தான்... இந்தக் கையாலதானேடா உன் பொழப்புல மண்ணப் போட்டேன்?"

"நான்தான் கொளுத்தச் சொன்னேன்," என்றான் இலியேசா, தூணைப் பிடித்துக்கொண்டு. "பாதிய என் மேல போடு மச்சான்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லக்கூட வேண்டாம், இப்படியே பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும். அண்ணன் அதைச் சாகும்வரை சுமப்பான். வாயைத் திறக்க மாட்டான். வீரேன் அண்ணனின் கையைப் பார்த்தான். உள்ளங்கையில் கரும்புத் தோகை கிழித்த கோடுகள், ஒவ்வொன்றிலும் கரி ஏறியிருந்தது.

எழுந்தான். டிரம்முக்குப் பின்னால் போனான். பாட்டிலை எடுத்துவந்து அண்ணன் முன்னால் வைத்தான்.

"உன் போர்வை கீறினத நான் எடுத்துட்டேன் அண்ணே. ஒரு சாண்தான் மிச்சம். அதையும் அந்த ஆளு மன்னிச்சிருப்பான், அவன் வாயாலயே சொன்னான். அத மறைக்க இத நான் பூசினேன். அதனாலதான் போச்சு."

ஹரிலாலுக்கு முதலில் புரியவில்லை. பாட்டிலைப் பார்த்தான், தம்பியைப் பார்த்தான், மறுபடி பாட்டிலைப் பார்த்தான். பிறகு புரிந்தது.

"நீயா?" என்றான்.

"நான்தான். உன்னால இல்ல. என்னால."

அதற்குமேல் வீரேனால் முடியவில்லை. மத்தியானத்திலிருந்து அடக்கி வைத்திருந்தது மொத்தமாக உடைந்தது. அண்ணன் எதிரில் மண்டி போட்டு, தலையைக் கவிழ்த்துக்கொண்டு, தோள் குலுங்க அழுதான். "எங்க போவோம் அண்ணே? டிசம்பர்ல எங்க போவோம்?" இலியேசா தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய் நின்றான்.

எங்கேயோ சுற்றிக்கொண்டிருந்த கடைசிச் சாம்பல்களில் ஒன்று வந்து வீரேனின் பிடரியில் உட்கார்ந்தது. ஹரிலால் அதைத் துடைக்கக் கையை நீட்டினான். நீட்டிய கை பாதியில் நின்றது. கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். குனிந்து, உதட்டைக் குவித்து, ஊதினான்.

வியர்வையில் ஒட்டிக்கொண்ட சாம்பல் போகவில்லை. அவன் இன்னொரு தடவை ஊதினான்.